டீச்சரம்மா பதில்கள்: கதவைத் திறந்து போகும் பிள்ளை

கேள்வி: நாங்கள் இருப்பது மூன்றாம் மாடியில். மாமியார், மாமனார், கொழுந்தன், கணவர், நான் என்று பெரியவர்கள் ஐந்து பேர். அப்படியிருந்தும் போன வாரம் இரண்டரை வயது மகன் படியிறங்கிப் போய், தெருமுனை டீக்கடையில் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த பிறகுதான் அவன் வீட்டில் இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. கரண்டு போனால் காற்றுக்காகக் கதவைத் திறந்துதான் வைக்கவேண்டியிருக்கிறது. பூட்டி வைக்கலாமா?
– ஒரு தாய், தாம்வே, யாங்கோன், மியான்மர்

பதில்: ஐந்து பேர் இருந்ததால்தான் போயிருக்கிறான், மகளே. பாட்டியிடம் இருப்பான் என்று நீ நினைத்திருப்பாய், உன்னிடம் இருப்பான் என்று பாட்டி நினைத்திருப்பார். கோயில் மண்டபத்தில் நான் பாலர் வகுப்பு நடத்திய காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கிறவள் கண்ணை எடுக்கமாட்டாள். விருந்தாளிகள் வந்து வீடு நிறைந்திருக்கும் நாளில்தான் பிள்ளை நழுவும்.

அதனால் முதலில் ஆளைச் சொல்கிறேன், தாழ்ப்பாளைப் பிறகு சொல்கிறேன். எந்த நேரத்திலும் பிள்ளை ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும், அது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். குளிக்கப் போகிறாயா? “அத்தை, தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல். அத்தை “சரி, நான் பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு போ. அவர் தலையாட்டியதை மட்டும் நம்பாதே. கையில் ஃபோன் இருக்கிறவரிடம் ஒப்படைக்கவே ஒப்படைக்காதே. கொழுந்தனுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கலாம். இருந்தாலும் அவரையும் பழக்கு.

இனி கதவு. மரக்கதவைத் திறந்து வைத்தாலும் வெளியே உள்ள இரும்புக் கம்பிக் கேட் சாத்தியே இருக்கட்டும். காற்று வரும், பிள்ளை போகமாட்டான். கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குல இடைவெளி இருந்தால் குழந்தை உடம்பை நுழைத்துவிடும். அந்த அளவோ அதற்குமேலோ இருந்தால் குறுக்கே வலை கட்டுங்கள். மடக்குக் கேட்டாக இருந்தால் பிஞ்சு விரல் நசுங்காமல் பார்க்கவேண்டும். தாழ்ப்பாள் நீ கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். இரண்டரை வயதுப் பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவான் என்பதால் கதவருகே முக்காலி, அரிசி டின் எதுவும் வேண்டாம்.

சாவியைப் போட்டுப் பூட்டிவிட்டு அதைத் தலையணைக்கடியில் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். கரண்டு போனால் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீடுகள் நம்முடையவை, குறுகலான படி ஒன்றுதான் வழி. தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேட நேரமிருக்காது. இரவில் பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்துப் பெரியவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் சாவியை மாட்டுங்கள். மாமியார் விளக்கில்லாமல் எடுத்துத் திறந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. கீழேயிருந்து கூப்பிட நாம் மாடியிலிருந்து கயிறு தொங்கவிட்டு மணி கட்டுகிறோமே, அதே போல ஒரு சின்ன மணியை வாங்கிக் கேட்டின் மேல்பக்கம் கட்டு. கேட் அசைந்தால் சமையலறைக்குக் கேட்கும். ஆனால் அந்தத் தெரு மணி அடித்ததும் பிள்ளை எங்கே ஓடுகிறான் என்று ஒரு நாள் கவனித்துப் பார். பால்கனிக்கு ஓடி, ஏறி எட்டிப் பார்க்கிறான் என்றால் வாசலைவிடப் பெரிய ஆபத்து அங்கே இருக்கிறது. பால்கனியிலிருக்கும் நாற்காலியையும் பூந்தொட்டியையும் இன்றைக்கே உள்ளே எடு.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது. வீட்டுக்குப் பின்னால் குளம். மகனும் மருமகளும் படகேறி யாங்கோனுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு முழங்கால் வலி, ஓடிப் பிடிக்க முடியாது. கொலுசு போட்டிருக்கிறோம், சத்தம் கேட்கும் என்று நம்பி இருக்கிறேன். போதுமா?
– ஒரு தாத்தா, டலா

பதில்: போதாது, ஐயா. கொலுசு நல்லதுதான், கழற்றச் சொல்லவில்லை. முத்து உதிர்ந்தால் வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆனால் தண்ணீரில் விழுந்த பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே போராடும்போது குரல் வராது. இரண்டு மூன்று நிமிடத்தில் நினைவு போய்விடும். சத்தத்தை நம்பிக் காவல் இருப்பவருக்குக் குளம் எச்சரிக்கை கொடுக்காது.

டலாவில் குளத்தை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீருக்கு மக்கள் வாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தவள் நான். வேலி போடுங்கள். மூங்கிலை நெருக்கமாக நட்டு, பிள்ளையின் தலைக்கு மேல் உயரமாக, கால் வைத்து ஏறுவதற்குக் குறுக்குக் கம்பு பிள்ளை நிற்கும் பக்கம் வராமல் கட்டச் சொல்லுங்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் போதும். குளத்தை அடைக்க முடியாவிட்டால் வீட்டு வாசலை அடையுங்கள், திண்ணைக்குக் குறுக்கே பிள்ளை ஏறித் தாண்ட முடியாத உயரத்துக்கு ஒரு தட்டி. மழைக்காலத்தில் நிரம்பும் பள்ளம், பீப்பாய், மூடியில்லாத வாளி எல்லாம் கணக்கில் வரவேண்டும். இந்த வயதில் தலை கனம் அதிகம். குனிந்து வாளிக்குள் விழுந்தால் தானாக எழ முடியாது.

பக்கத்து நாடான பங்களாதேஷில் கிராமத்துக்குக் கிராமம் குளம். அங்கே ‘ஆஞ்சல்’ (Anchal) என்ற பெயரில் பிள்ளைக் காப்பகங்கள் நடக்கின்றன. காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை, பயிற்சி பெற்ற ஒரு பெண் அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். தாய்மார் சமையலும் துவையலுமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் மூழ்குகிறார்கள் என்று கண்டறிந்து வகுத்த நேரம் அது. அங்கே போன பிள்ளைகளிடம் மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் தெருவிலும் நாலைந்து வீடு சேர்ந்தால் இது முடியும். ஓடியாடக்கூடிய ஒரு பாட்டியோ அத்தையோ கிடைப்பார், மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். நீங்கள் அங்கே போய் உட்கார்ந்து கதை சொல்லுங்கள். ஓட்டம் அவருடைய வேலை.

எல்லோரும் தெரிந்துகொள்ள இதையும் எழுதிவிடுகிறேன். மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றக்கூடாது, வயிற்றை அமுக்கக்கூடாது. கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சில்லை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மெதுவாக ஊதவேண்டும். பிறகு நடு நெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊது, திரும்ப 30 அமுக்கு. உதவி வந்து சேரும்வரை, அல்லது பிள்ளை மூச்சு விடும்வரை நிறுத்தக்கூடாது.

கேள்வி: வெளியே போனால் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கில் போட்டுக் கொண்டுபோவான் என்று மாமியார் பயமுறுத்தி வைத்திருக்கிறார். சரியா?
– பகோவிலிருந்து

பதில்: சரியில்லை. பயந்த பிள்ளை தேடும்போது ஒளிந்துகொள்ளும். பெயர் சொல்லிக் கத்தக் கத்தக் கட்டிலுக்கடியில் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். வழி தவறினால் உதவ வருகிறவரைக் கண்டும் ஓடும். தேடும்போதுகூட அதட்டாமல், தின்பண்டம் கொடுக்கக் கூப்பிடுகிற குரலில் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். பேச்சு வரவில்லை. கண் மறைந்தால் ஓடிவிடுகிறான். வளர்ப்பு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். ஒரு நாள் காணாமல் போனால் முதலில் நான் என்ன செய்யவேண்டும்?
– மௌல்மேனிலிருந்து ஒரு தாய்

பதில்: பேசுகிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது வீட்டைவிட்டோ பள்ளியைவிட்டோ ஓட முயன்றிருந்தார்கள். இது வளர்ப்புக் குறையால் வருவதல்ல.

பெரும்பாலும் இப்படிப் பிள்ளைகள் எதையோ நோக்கி ஓடுகிறார்கள், அல்லது எதையோ விட்டு ஓடுகிறார்கள். உங்கள் மகன் எங்கே போகிறான்? தண்ணீருக்கா, ஜெனரேட்டர் சத்தம் தாங்காமலா? சில நாள் எழுதி வைத்தால் தெரியும். தண்ணீர்தான் என்றால் அதை அவனுக்கு உங்கள் கண் முன்னால் தினமும் கொடுங்கள், நீச்சலும் கற்றுக்கொடுங்கள். நீச்சல் தெரிந்தாலும் தனியே விடாதீர்கள்.

காணாமல் போனால் முதலில் தண்ணீருக்கு ஓடுங்கள். கிணறு, குளம், சாக்கடை, தொட்டி எல்லாம் பார்த்த பிறகுதான் கட்டிலுக்கடியும் அலமாரியும். ஆட்கள் இருந்தால் ஒரே நேரத்தில் பிரிந்து தேடலாம். கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருக்கவே வேண்டாம். தெருமுனையில் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவர்களிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு சந்தும் அவர்களுக்கு அத்துப்படி. டீக்கடை, கோயில், வார்டு ஆபீஸ், போலீசுக்கு 199. அன்றைக்குப் போட்டிருந்த சட்டையோடு ஒரு ஃபோட்டோ ஃபோனில் இருக்கட்டும். காலையில் குளிப்பாட்டி, முகத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி முடித்ததும் ஒன்று எடுத்துவிட்டால் அந்த நாளுக்குப் போதும்.

பேசாத பிள்ளைக்கு மட்டுமல்ல, பேசுகிற பிள்ளைக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் செல்லப்பெயர், பதிவில் பர்மியப் பெயர். வழியில் கண்டெடுக்கிறவர் பெரும்பாலும் பர்மியராக இருப்பார். “குட்டி” என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? இரண்டு பெயரையும், தெருவையும், எந்த மாடி என்பதையும் பர்மிய மொழியில் சொல்லப் பழக்குங்கள். உங்கள் மகனுக்குச் சட்டையின் உள்பக்கம் அழியாத மையில் ஃபோன் நம்பர் எழுதித் தையுங்கள். வெளிப்பக்கம் பெயர் எழுதவேண்டாம். அக்கம்பக்கத்தில் பத்து வீட்டுக்காவது அவனைக் கூட்டிப்போய்க் காட்டி, “இவன் தனியாக வந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கூடவே நடந்துகொண்டு எனக்கு ஃபோன் பண்ணுங்கள்” என்று சொல்லி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வாருங்கள், அம்மா.