ரௌட்டரின் நான்கு லேன் போர்ட்டும் நிரம்பிவிட்டன; இன்னும் மூன்று சாதனங்களை கேபிளில் இணைக்க என்ன வழி?

ரௌட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு கிகாபிட் ஸ்விட்ச் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சாதனம்; கிகாபிட் என்றால் 1000 எம்பிபிஎஸ், அதாவது 1 ஜிபிபிஎஸ் வேகம்) போதும், அதிலும் 'அன்மேனேஜ்டு' எனப்படும் சாதாரண வகை. அதில் செட்டிங்ஸ் எதுவும் கிடையாது. ரௌட்டரின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து ஸ்விட்ச்சின் ஏதாவது ஒரு போர்ட்டுக்கு கேபிள் கொடுத்து, கரன்ட் கொடுத்தால் ஓடும்.

எத்தனை போர்ட் என்பதில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். இணைப்புக் கேபிளே இரண்டு பக்கமும் ஒவ்வொரு போர்ட்டை விழுங்கிவிடும். ஆகவே 5 போர்ட் ஸ்விட்ச்சில் கூடுதலாகக் கிடைப்பது 3, எட்டில் 6. உங்களுக்கு ஐந்து இன்றைக்குச் சரியாக இருக்கும். ஆனாலும் எட்டே வாங்குங்கள். பெட்டியில் 10/100/1000 என்று இருக்கிறதா பாருங்கள். 'ஃபாஸ்ட் ஈதர்நெட்' என்ற பெயரில் ஏமாறாதீர்கள், அது வெறும் 100 எம்பிபிஎஸ்.

ஸ்விட்ச் எப்போதும் ரௌட்டருக்குப் பின்னால்தான். வெளியிலிருந்து நெட் லைன் வந்து சேரும் மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நடுவில் வைத்தால், பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஒரே ஐபி முகவரிதான் (நெட்டில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) வரும் என்பதால், ஒரு சாதனத்துக்கு மட்டும் நெட் கிடைக்கும்.

வேகம் இரட்டிப்பாகும் என்று நினைத்து ரௌட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் இரண்டு கேபிள் போடாதீர்கள். லூப் உண்டாகி, ஒரே பாக்கெட் (தரவுத் துண்டு) சுற்றிச் சுற்றி வந்து பெருகும். விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தது போல் மின்னும், வைஃபை உட்பட வீட்டு நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும். ஒரு கேபிளைப் பிடுங்கினால் சரியாகும்.

ஸ்விட்ச்சில் இருக்கும் சாதனங்கள் எல்லாம் ரௌட்டருக்குப் போகும் அந்த ஒரே 1 ஜிபிபிஎஸ் வழியைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனால் ஒரே ஸ்விட்ச்சில் உள்ள இரண்டு சாதனங்கள் தங்களுக்குள் ஃபைல் மாற்றினால் அது ரௌட்டர் பக்கமே போகாது. எனவே நாஸும் (நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் சாதனம்) அதை அதிகம் பயன்படுத்தும் கணினியும் ஒரே ஸ்விட்ச்சில் இருக்கட்டும்.

பழைய ரௌட்டர் சும்மா கிடந்தால் அதையே ஸ்விட்ச் ஆக்கலாம். கணினியை அதில் மட்டும் இணைத்து, அதன் செட்டிங்ஸில் லேன் முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அந்த ரௌட்டரின் ஐபி முகவரி) மாற்றுங்கள். முதன்மை ரௌட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2, முதன்மை ரௌட்டர் தானாக வழங்கும் முகவரி வரம்புக்குள் அது வரக்கூடாது. பிறகு டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் வசதி) அணைத்து, லேனிலிருந்து லேனுக்கு கேபிள் போடுங்கள். வேன் (WAN) போர்ட், அதாவது வழக்கமாக மோடத்திலிருந்து கேபிள் வரும் போர்ட், காலியாகவே இருக்கட்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் சில சாதனங்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. காரணம் தேடியே மண்டை காயும்.

ஒன்றை இரண்டாக்கும் மலிவான ஸ்ப்ளிட்டர் வேண்டவே வேண்டாம். எட்டு கம்பியை நான்கு நான்காகப் பிரிப்பதுதான் அதன் வேலை. இரண்டு முனையிலும் ஒவ்வொன்று தேவை, ரௌட்டரில் இரண்டு போர்ட்டும் போகும், வேகமும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

கேபிள் கேட் 5ஈ போதும், 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். எல்லாம் கிகாபிட்டாக இருந்தும் லிங்க் 100 என்றே காட்டினால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்: நான்கு ஜோடியில் ஒன்று அறுந்திருக்கும், அல்லது கேபிள் முனையில் கனெக்டர் சரியாகக் கிரிம்ப் ஆகியிருக்காது (கம்பிகளோடு சேர்த்து அழுத்திப் பொருத்தப்பட்டிருக்காது).