மணி அடிக்கிறது, குரல் மட்டும் கேட்கவில்லை!

கேள்வி: ஐயா, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் ஓடும் சர்வரும், வலையமைப்பு வழியே பேசும் நான்கு ஐபி போன்களும் உள்ளன. திருவொற்றியூர் கிடங்கிலுள்ள ஒரு போனும் இணையம் வழியாக அதே சர்வரில் சேர்ந்திருக்கிறது. கடைக்குள் பேசினால் குறையில்லை. கிடங்கோடு பேசினால் மணி அடிக்கிறது, எடுத்தால் இரு பக்கமும் மௌனம். கிடங்கிலிருந்து வரும் அழைப்பு அரை நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. சிறிது நேரம் பேசாமல் இருந்தால் கிடங்கு போனுக்கு மணியே போவதில்லை. இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வேகத்துக்குச் செலவிட்ட பணம் வீண்தான், உங்கள் சிக்கல் முகவரியில் இருக்கிறது. உங்கள் பகுதியின் ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரருக்கு எழுதும் கடிதத்தில், 'பின்கட்டு, படியோர வீடு' என்று மட்டும் பதில் முகவரி கொடுத்தால், தெருவும் கதவு எண்ணும் இல்லாத அந்தப் பதில் எப்படி வந்து சேரும்? ரவுட்டர், பாக்கெட் எனப்படும் தரவுப் பொட்டலத்தின் மேலுறையிலுள்ள, 192.168 என்று தொடங்கும், அந்த இடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்முகவரியை நீக்கி, இணையத்தில் செல்லுபடியாகும் பொதுமுகவரியை எழுதிவிடுகிறது. ஆனால் எஸ்ஐபி (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் விதிமுறை) அழைப்பில், குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு உறைக்குள் இருக்கும் செய்தியிலேயே எழுதப்படுவதால், அங்கே உள்முகவரி அப்படியே தங்கிவிடுகிறது. இரு முனைகளும் இப்படியே எழுதுவதால் இரு குரல்களும் தொலைகின்றன.

அரை நிமிடக் கணக்குக்கும் இதுவே காரணம். போனை எடுத்ததும் சர்வர் அனுப்பும் சம்மதச் செய்திக்குக் கிடங்கு போன் ஒப்புகை அனுப்ப வேண்டும். அந்த ஒப்புகையும் தவறான முகவரிக்குப் போவதால், சர்வர் 32 வினாடி காத்திருந்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கிறது. எஸ்ஐபி விதிகளின் இயல்பான காத்திருப்பு நேரமே அதுதான்.

முதல் வேலையாக இரண்டு ரவுட்டர்களிலும் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' வசதியை அணைத்துவிடுங்கள். உறைக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தி உதவுவதற்காக வந்த வசதி அது. பல ரவுட்டர்களில் அரைகுறையாகத் திருத்திக் கெடுக்கிறது. அடுத்து, ஆஸ்டரிஸ்க்கில் கடையின் பொதுமுகவரி எது, உள்வலையமைப்பு எது என்ற இரண்டையும் எழுதுங்கள். கடை ரவுட்டரில் எஸ்ஐபிக்கான 5060 போர்ட்டையும் (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்), குரலுக்காக ஆஸ்டரிஸ்க்கில் குறித்திருக்கும் யுடிபி (ஒப்புகைக்குக் காத்திராமல் பாக்கெட்டுகளை அனுப்பும் முறை) போர்ட்டுகளையும் (பெரும்பாலும் 10000 முதல் 20000 வரை) சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். கிடங்கு போனுக்கான அமைப்பில், செய்தியில் எழுதியிருக்கும் முகவரியை நம்பாமல், பாக்கெட் உண்மையில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே பதிலையும் குரலையும் அனுப்பும் தெரிவுகளை இயக்குங்கள். போன்கள் தங்களுக்குள் நேராகக் குரல் பரிமாறும் தெரிவை நிறுத்திவிடுங்கள்.

5060 போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவைக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். திறந்த போர்ட்டுகளைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்து, இரவோடு இரவாக உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுவோர் இருக்கிறார்கள். கிடங்கின் முகவரி மாறாததாக இருந்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மாறுவதாக இருந்தால் இரு இடங்களையும் விபிஎன் எனப்படும் பாதுகாப்பான தனிப்பாதை மூலம் இணைப்பதே நல்லது.

மணி போகாததற்குக் காரணம், போக்குவரத்து நின்றதும் கிடங்கு ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிடுவதே. யுடிபி இணைப்பை 2 நிமிடத்துக்கு முன் மறக்கக்கூடாது என்று 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4787 என்ற இணைய விதிமுறை ஆவணம் சொன்னாலும், 30 வினாடியிலேயே மறக்கும் ரவுட்டர்கள் உண்டு. ஆகவே 25 வினாடிக்கு ஒரு முறை, இணைப்பை மறக்கவிடாத உயிர்ச்செய்தி (கீப்-அலைவ்) அனுப்புமாறு போனில் அமையுங்கள்.

கேள்வி: மண்ணடியில் எங்கள் அலுவலக ரவுட்டரில் போர்ட்டுகளைத் திருப்பிவிட்டும் வெளியிலிருந்து அழைப்பு உள்ளே வரவில்லையே?

பதில்: ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தால், இணைய நிறுவனமே ஒரு பொதுமுகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். உங்கள் ரவுட்டரில் எதைத் திருப்பிவிட்டாலும் வெளியாருக்கு அது எட்டாது. நிறுவனத்திடம் நிலையான பொதுமுகவரி கேட்டு வாங்குங்கள், அல்லது பொதுமுகவரியுள்ள வாடகை சர்வரில் ஆஸ்டரிஸ்க்கை நிறுவி, அலுவலகப் போன்களை அதனுடன் இணையுங்கள்.