மணிக்கூண்டு: வாசகர் கேள்வி – பதில்

கே: புதுச்சேரி பெரிய மார்க்கெட் மணிக்கூண்டைப் பார்க்கும்போது தோன்றும் சந்தேகம். மணி பார்க்க இவ்வளவு உயரம் எதற்கு? – வாசகி, வில்லியனூர்

ப: தூரத்திலிருந்து முள் தெரியவும், மணியோசை கூரைகளைத் தாண்டிப் போகவும் உயரம் வேண்டும். இன்னொரு காரணம் உள்ளே இருக்கிறது. பழைய கோபுரக் கடிகாரங்கள் எடைக்கல் இறங்கும் விசையில் ஓடுபவை. மணி அடிக்கத் தனி எடை உண்டு; மணிக்கணக்குப்படி நாளுக்கு 156 அடி. ஒருமுறை சாவி கொடுத்தால் பல நாள் ஓட வேண்டுமானால் எடை இறங்க நெடும்பாதை தேவை. உயரம் போதாத இடத்தில் கப்பி போட்டு இறக்கத்தைப் பாதியாக்குவார்கள். அப்போது எடை இருமடங்காகும்.

கே: அப்படிப்பட்ட பழைய கடிகாரம் எங்கள் ஊரில் பழுதுபார்த்த சில வாரங்களில் மறுபடி நின்றுவிடுகிறது. இயந்திரத்தை எடுத்துவிட்டு மின்கடிகாரம் வைக்கலாமா? – வாசகர், கடலூர் முதுநகர்

ப: அவசரப்பட வேண்டாம். கடலோர ஊர்களில் பெரும்பாலும் கெடுவது இயந்திரம் அல்ல, சுவரைத் துளைத்து வெளியே போகும் முள்தண்டு. உப்புக்காற்றில் அது துருவேறி இறுகிவிடும்.

முதலில் எந்த நேரத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். நிமிட முள் 9-ஐ ஒட்டியே திரும்பத் திரும்ப நின்றால், முள்ளின் சமன் எடை கழன்றிருக்கலாம். 6-இலிருந்து 12 வரை முள்ளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாரம் மிக அதிகம் 9-இல்தான். கண்ட நேரத்தில் நின்றால் அழுக்கு, துரு, அல்லது முள்ளில் உட்காரும் புறா.

அடுத்து ஊசலை நிறுத்துங்கள். எடை கீழே விழாதபடி கட்டி, கம்பி வடத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு முகங்களுக்கும் போகும் தண்டுகளைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மட்டும் 24 மணி நேரம் ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் இயந்திரம் நலம். பிறகு ஒவ்வொரு முகமாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எண்ணெய், அச்சு முனைகளுக்கு மட்டும், ஒரு சொட்டு. பற்களில் பூசினால் தூசியோடு சேர்ந்து தேய்த்துத் தின்றுவிடும்.

நேரம் பிசகினால் ஊசல் குண்டின் அடியிலுள்ள திருகைத் தொடுங்கள், கொஞ்சமாக. நொடிக்கு ஒருமுறை தட்டும் ஊசல் சுமார் 99.4 செ.மீ. நீளம், அதில் 1 மி.மீ. கூட்டினாலே நாளுக்கு 43 நொடி பின்தங்கும். இரும்புத் தண்டாக இருந்தால் 10 டிகிரி வெயில் ஏறும்போது நாளுக்கு 5 நொடி தானாகவே குறையும். சித்திரை வெயிலில் அதைப் பழுதென்று நினைத்து முழு இயந்திரத்தையும் பிரித்துப் போடுவது பெரும் அநியாயம்.

கே: 1906-க்கு முன் கடலூரில் எந்த நேரம்? – வாசகர், மஞ்சக்குப்பம்

ப: ரயிலும் தந்தியும் மெட்ராஸ் நேரத்தில் நடந்தன. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-இல் இந்திய நேரம் வந்ததும் ஏறக்குறைய 9 நிமிடம் கூடியது. இன்று கடலூரில் உச்சிப்பொழுது பிப்ரவரி நடுவில் 12.25-க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.55-க்கே.

கே: மணிக்கூண்டில் சிமென்ட் பூச்சு இரண்டே வருடத்தில் உதிர்கிறது, ஏன்? – வாசகி, அரியாங்குப்பம்

ப: சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் சுவருக்கு மூச்சு விட வேண்டும். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். உப்பு பூத்துச் செங்கல்லின் முகமே பெயர்ந்து வரும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, இணைப்புகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டி, நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத மணல் 3 பங்கு சேர்த்துப் பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். ஒவ்வொரு பூச்சும் 1 செ.மீ.-க்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஈரச் சாக்கு கட்டுங்கள். இணைப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது, சுவரும் கூடவே வரும். வெட்டி, வேரை உள்ளேயே பட்டுப்போக விட்டுப் பிறகு எடுங்கள். வேலையைப் பொங்கல் கழிந்து தொடங்குங்கள்.