ஒலிம்பிக் பாய்மரப் படகு வீரர் பெருங்கடல் பந்தயத்திலும் ஜெயிக்க முடியுமா?

முடியும், ஆனால் அபூர்வம். பிரேசிலின் டோர்பென் கிரேல் அப்படிப்பட்டவர். 1984 முதல் 2004 வரை ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள். இரண்டு தங்கமும் ஸ்டார் வகைப் படகில் வந்தவை. ஸ்டாரில் இரண்டே பேர்தான். காற்று லேசாகத் திசை மாறுவதை முதலில் கவனிப்பவர் முந்திவிடுவார்.

பெருங்கடலில் கதையே வேறு. முறை வைத்துத் தூக்கம், வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உலர் உணவு, மேல்தளத்தை வாரிக்கொண்டு போகும் அலை, அதுவும் வாரக்கணக்கில். உலகைச் சுற்றிவரும் பாய்மரப் பந்தயமான வோல்வோ ஓஷன் ரேஸில், 2008-09-இல் அவர் தலைமையேற்ற எரிக்சன் 4 படகு, முதல் கட்டத்திலேயே 24 மணி நேரத்தில் 596 கடல் மைலுக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தது. கோப்பையும் அதற்கே.

காற்றைக் கணிக்கும் கண் சிறு படகில் வாய்த்துவிடும். ஒரு குழுவையே நடத்துவதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். அதே பந்தயத்தில் 2005-06-இல் பிரேசில் 1 படகில் மூன்றாம் இடம் பிடித்த அனுபவம்தான் அவருக்குக் கைகொடுத்தது என்பேன்.