உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துச் சென்றால் கடையை மூடிவிடுவார்களா?

மாதிரி எடுத்ததனால் மட்டும் கடையை மூட மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் பதினோரு ஆண்டுகளாகச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் கடைக்கு முதன்முறை ஆய்வுக்கு வந்த அலுவலர், விடியற்காலையில் தேய்த்துக் கழுவிய தரையைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். மேல்தட்டில் மசாலா தடவிய கோழி, கீழ்த்தட்டில் சட்னி. கோழியிலிருந்து வடிந்த சிவப்பு நீர் சட்னிப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு சொட்டாக நின்றிருந்தது. அதை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, பணியாளர்களின் மருத்துவச் சான்று, வாணலி எண்ணெய் என்று போனது. இத்தகைய குறைகளுக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, 14 நாட்களுக்குக் குறையாத அவகாசத்துடன் நியமன அலுவலர் (உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மேலதிகாரி) அறிவிப்புத் தருவார், திருத்திக்கொண்டால் போதும். உண்பவர் உடல்நலத்துக்கே ஆபத்து என்றால்தான் உடனடித் தடை வரும்.

மாதிரி விஷயத்தில்தான் நம்மவர்கள் பலரும் ஏமாறுகிறோம், நானும் அப்படித்தான். எடுத்த பொருளுக்கு அலுவலர் விலை கொடுக்க வேண்டும். மாதிரி எடுப்பதைத் தெரிவிக்கும் படிவம் 5ஏ அறிவிப்பையும் தர வேண்டும். மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிடுவார்கள். உறையின்மேல் ஒட்டும் தாள்சீட்டின் மீது பாதியும் உறையின் மீது பாதியுமாக விழும்படி நம்மிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு நியமன அலுவலருக்கு. நான்காவது பங்கை, நாம் கேட்டால், நம் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அறிக்கைகளும் மாறுபட்டால், நியமன அலுவலரிடம் உள்ள பங்கு மேலாய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதியானது. அன்று இது தெரியாமல், கையெழுத்தைப் போட்டுவிட்டு அலுவலருக்கு டீ வாங்கிவரப் பையனை அனுப்பினேன். அவர் குடிக்கவும் இல்லை.

உங்களிடம் ஏற்கெனவே மாதிரி எடுத்தாகிவிட்டதா? நான்காவது பங்கைக் கேட்கவில்லையென்றால், பகுப்பாய்வாளரின் அறிக்கைக்காகக் காத்திருங்கள். அதற்குச் சட்டம் தரும் கெடு 14 நாட்கள். தரக்குறைவு என்று வந்தால் வழக்கு மாவட்ட வருவாய் அலுவலர் முன் போகும். அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். பாதுகாப்பற்ற உணவு என்று வந்தால் நீதிமன்றம். அறிக்கையை ஏற்காவிட்டால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த நாட்கணக்கு அறிக்கை உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்தே தொடங்குவதால், வாங்கியவுடன் அதன் மேலேயே தேதியை எழுதி, உறையையும் பத்திரமாக வைத்திருங்கள்.