வாசகர் கேள்வி – பதில்: பத்து ஓவரில் முடிந்துபோகும் ஒருநாள் ஆட்டம்

கேள்வி: 2023 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக நம் இலங்கை அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டதை எங்கள் தோட்டத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மழை பெய்த ஆடுகளம்தான் காரணம் என்கிறது ஒரு கூட்டம், அடிக்கத் தெரியவில்லை என்கிறது இன்னொரு கூட்டம். எது சரி?
– வாசகர், தலவாக்கலை

பதில்: செப்டெம்பர் 17ஆம் திகதி, கொழும்பு பிரேமதாஸ மைதானம். மழையால் ஆட்டம் 40 நிமிடம் தாமதம். நாணயச் சுழற்சியில் வென்ற தசுன் ஷானக துடுப்பாட்டத்தைத் தெரிவுசெய்தார். மூடி வைத்திருந்த ஆடுகளம், மேகம் கவிந்த வானம், புதுப் பந்து. இந்த மூன்றும் சேரும் நாளில் முதலில் துடுப்பெடுப்பது துணிச்சலான முடிவுதான். அதனால் ஆடுகளத்துக்கும் வானிலைக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. பந்து உண்மையாகவே வளைந்தது.

ஆனால் மொஹமட் சிராஜ் வீசிய அந்த நான்காவது ஓவரை ஒவ்வொரு பந்தாகப் பாருங்கள். முதல் பந்தில் பெத்தும் நிஸ்ஸங்க உடம்பை விட்டு விலகிய பந்தைத் தூக்கி டிரைவ் அடித்து, பொயிண்டில் ஜடேஜாவிடம் பிடிகொடுத்தார். மூன்றாவது பந்தில் சதீர சமரவிக்ரம எல்.பி.டபிள்யூ. நான்காவதில் சரித் அசலங்க, தான் சந்தித்த முதல் பந்திலேயே கவர் திசையில் பிடி. ஹெட்ரிக் பந்தை, அதாவது தொடர்ந்து மூன்றாவது விக்கெட்டுக்கு வாய்ப்பிருந்த பந்தை, தனஞ்சய டி சில்வா நான்காக அடித்தார். அதை எல்லைக்கோடு வரை துரத்திக்கொண்டு ஓடியவரும் சிராஜ்தான். அடுத்த பந்திலேயே தனஞ்சய விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்தார். நான்கு விக்கெட்டில் மூன்று, பந்தைத் தேடிப்போய் அடித்ததால் வந்தவை. காலடிக்கு வந்து மடக்கிய நல்ல பந்து என்று சமரவிக்ரமவுக்கு விழுந்ததை மட்டும்தான் சொல்லலாம்.

அடுத்து ஷானகவும் போல்டாக, இந்த ஓவருக்கு முன்பே விழுந்திருந்த ஒன்றையும் சேர்த்து 12 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். சிராஜ் 7 ஓவரில் 21 ஓட்டங்களுக்கு 6, ஹார்திக் பாண்டியா வெறும் 3 ஓட்டங்களுக்கு 3. ஐந்து பேர் பூச்சியம். இரட்டை இலக்கம் தொட்டவர்கள் குசல் மெண்டிஸும் (17) துஷான் ஹேமந்தவும் (ஆட்டமிழக்காமல் 13) மட்டுமே. 15.2 ஓவரில் எல்லாம் முடிந்தது. இந்தியா 6.1 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 51.

'அதே ஆடுகளத்தில் அவர்கள் அடித்தார்களே' என்ற வாதம் மட்டும் எடுபடாது. 51 என்ற இலக்கை வைத்துக்கொண்டு அடிக்கிறவருக்குப் பயமே இல்லை. ஒரு விக்கெட் போனாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் முடிவு இது: பந்து வளைந்ததால் நான்கைந்து விக்கெட் போயிருக்கலாம், அது எந்த அணிக்கும் நடக்கும். 130, 140க்குப் போயிருக்க வேண்டியது 50 ஆனதற்கு, இரண்டு விக்கெட் போன பிறகும் டிரைவ் அடித்ததே காரணம்.

கேள்வி: நம் அணி பிறரை இப்படி வீழ்த்தியதே இல்லையா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நிறையவே உண்டு. 2001 டிசம்பர் 8, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் சிம்பாப்வே 38 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சமிந்த வாஸ் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். ஒருநாள் ஆட்டங்களில் இதுவரை மிகச் சிறந்த பந்துவீச்சு அதுவே. மிச்சமிருந்த இரண்டையும் எடுத்தவர் நம் கண்டி முரளி. இலங்கை 4.2 ஓவரில் வென்றது, 274 பந்துகள் மீதி. 2000இல் சார்ஜாவில் சனத் ஜயசூரிய 189 அடித்த இறுதியாட்டத்தில் இந்தியா 54. 2003 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவின் பார்ல் நகரில் கனடா 36. அதே பார்லில்தான் 2012இல் நாம் 43க்குச் சுருண்டோம். அதுவே நமது மிகக் குறைந்த எண்ணிக்கை.

கேள்வி: 15 ஓவரில் ஆட்டமிழந்த அணிக்கு நிகர ஓட்ட விகிதத்தில் ஏன் 50 ஓவர் என்று கணக்குப் போடுகிறார்கள்? அநியாயம் இல்லையா?
– வாசகர், ஹட்டன்

பதில்: நியாயம்தான். ஓவருக்கு அடித்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழித்தால் வருவதே நிகர ஓட்ட விகிதம். 15.2 ஓவரில் 50 எடுத்ததை அப்படியே வகுத்தால் ஓவருக்கு 3.26 வரும். அப்படியானால் நின்று ஆடி 50 ஓவரில் 150 எடுத்த அணியைவிட, சீக்கிரமே சுருண்ட அணி மேலே போய்விடும். அதனால் சகல விக்கெட்டையும் இழந்தால் முழு 50 ஓவரும் கணக்கில் வரும்: 50 ÷ 50 = 1.00. எதிரணி 6.1 ஓவரில் 51. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 6.1 என்பது ஆறு ஓவரும் ஒரு பந்தும், கல்குலேட்டரில் 6.1667 என்று அடிக்க வேண்டும். 51 ÷ 6.1667 = 8.27. வித்தியாசம் 7.27. (இறுதியாட்டத்துக்கு இந்தக் கணக்கு இல்லை, உதாரணத்துக்காகத்தான்.)

இன்னொரு தவறு: ஒவ்வோர் ஆட்டத்தின் விகிதத்தையும் கூட்டிச் சராசரி எடுப்பது. வென்ற அணி அடுத்த ஆட்டத்தில் 50 ஓவரில் 250 அடித்து, எதிரணியை 50 ஓவரில் 240க்கு மறித்தது என்று வையுங்கள். அடித்தவை 301, ஓவர் 56.1667, ஆக 5.36. கொடுத்தவை 290, ஓவர் 100, ஆக 2.90. நிகர விகிதம் 2.46. சராசரி எடுத்தால் 3.7க்கு மேல் வரும், அது பிழை. தோட்டப் போட்டிகளில் அரையிறுதிக்குப் போகும் அணியைத் தெரிவதில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: எங்கள் பாடசாலை அணி காலை ஆட்டங்களில் எப்போதும் 30 ஓட்டத்துக்குள் ஐந்து விக்கெட் இழக்கிறது. மைதானத்தைச் சுற்றித் தேயிலை, காலையில் பனிமூட்டம், மெட்டிங் விரித்த ஆடுகளம். என்ன செய்யலாம்?
– வாசகர், நானுஓயா

பதில்: முதலில் ஒரு தப்பெண்ணத்தை விட்டுவிடுங்கள். பனிமூட்டத்தில்தான் பந்து வளைகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஈரக் காற்று பந்தை வளைக்கும் என்பது சோதனைகளில் இன்னும் உறுதிப்படவில்லை. உங்கள் உயரத்தில் நிலைமை வேறு. நுவரெலியாப் பக்கம் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்து கொழும்பில் வளைகிற அளவு வளையாது, ஆனால் வேகம் குறையாமல் வரும், அடித்தால் தூரமும் போகும். உங்கள் பிள்ளைகளை வீழ்த்துவது பெரும்பாலும் வளைவு அல்ல, மெட்டிங்கின் எழும்பலும் ஈரப் பந்தின் வழுக்கலும்தான்.

ஆட்டத்துக்கு முன் விரிப்பின் நான்கு ஓரத்தையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஆணி தளர்ந்து சுருக்கம் விழுந்திருந்தால் ஒரு பந்து முழங்காலுக்கும் அடுத்தது மார்புக்கும் வரும். குறிப்பாக ஸ்டம்பிலிருந்து 6 முதல் 8 மீற்றர் வரை உள்ள பகுதியில் சுருக்கம் இருக்கவே கூடாது. நல்ல வேகப்பந்து விழுவது அங்கேதான். இழுத்து, ஆணியை மறுபடி அடியுங்கள்.

அடுத்தது பந்து. தேயிலைச் செடிக்குள் போன பந்து பனியில் நனைந்துதான் திரும்பும். நனைந்த தோல்பந்து எழும்பாமல் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே வரும். துடுப்பாட்டக்காரர் உயரமாக எதிர்பார்த்துக் கால் தூக்கினால் எல்.பி.டபிள்யூ. நடுவர் அனுமதித்த துணியால் துடைக்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் பந்து வீசும்போது ஒரு காய்ந்த துணியை எப்போதும் கையோடு வைத்திருங்கள். எச்சில் தடவுவது தடை, வியர்வை போடலாம்.

துடுப்பாட்டத்துக்கு ஒரு பயிற்சி. ஓஃப் ஸ்டம்பின் வெளியே ஒரு சாண் தள்ளி, ஆடுகளத்தின் நீளத்துக்கு சோக்கால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே வரும் பந்தைத் தொடக்கூடாது. ஒருவருக்கு 24 பந்து. விட வேண்டியதை விட்டால் ஒரு புள்ளி, தொட்டால் இரண்டு கழியும். பாதிப் பந்துகளை வாளித் தண்ணீரில் நனைத்து வீசுங்கள். மூன்று வாரத்தில், அடிக்க வேண்டும் என்ற கைகளின் துடிப்பு அடங்கும்.

இலக்கையும் குறைத்துக்கொள்ளுங்கள். 50 ஓவர் ஆட்டத்தில் முதல் 10 ஓவருக்கு 35 ஓட்டமும் ஒரு விக்கெட் இழப்பும் போதும். இரண்டு விக்கெட் அடுத்தடுத்து போனால் மறுமுனையில் நிற்கிறவர் முதல் ஆறு பந்தைத் தானே சந்திக்கப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த பையனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் உள்ளே வருகிறவர் ஆற அமர நடந்து வரக் கூடாது. பொதுச் சட்டப்படி விக்கெட் விழுந்து மூன்று நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். 2023 உலகக் கிண்ணத்தில் அது இரண்டு நிமிடம். ஹெல்மெட் பட்டி அறுந்ததால் ஏஞ்சலோ மெத்தியூஸ் நேரம் கடந்து ஆட்டமிழந்தார், சர்வதேச கிரிக்கெட்டில் முதல் முறையாக. எனவே அடுத்து வரும் இருவரும் பேட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் கட்டி, பட்டிகளை இழுத்துப் பார்த்துவிட்டு உட்காரட்டும்.

கேள்வி: இலக்கு 51, துரத்தும் அணி 5 ஓவரில் 45. அப்போது மழை பெய்து ஆட்டம் நின்றுவிட்டால் வெற்றி யாருக்கு?
– வாசகி, ராகலை

பதில்: யாருக்கும் இல்லை. ஒருநாள் ஆட்டத்தில் டக்வத் லூயிஸ் ஸ்டேர்ன் முறைப்படி (மழை குறுக்கிட்டால் இலக்கைத் திருத்தும் கணக்கு) முடிவு தர, இரண்டாவது அணி குறைந்தது 20 ஓவராவது ஆடியிருக்க வேண்டும். மேலதிக நாளும் இல்லையென்றால் ஆட்டம் முடிவின்றிப் போகும். ஆனால் மழைக்கு முன் 51ஐத் தொட்டுவிட்டால், ஆறு ஓவர் என்றாலும் வெற்றி வெற்றிதான்.