டொல்பின் வானின் பின்பக்கம் உறுமுகிறது: டிபரன்சலா, ஸ்பிரிங்கா?

கேள்வி கேட்டவர் கல்முனைக்காரர். பழைய டொல்பின் வான் (டொயோட்டா ஹயேஸ்) ஒன்றை அண்மையில் கை மாற்றி வாங்கியிருக்கிறார். அறுபதுக்கு மேல் போனால் பின்பக்கம் உறுமுகிறது, பள்ளத்தில் விழுந்தால் 'டொக்' என்கிறது. சர்வீஸ் போட்ட இடத்தில் "டிப் ஒயில் எல்லாம் சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். டிப் என்பது டிபரன்சல், பின் எக்ஸலின் நடுவே இருந்து இன்ஜினின் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரத் தொகுதி. டிபரன்சலைக் கழற்றுவதா, ஸ்பிரிங்கை மாற்றுவதா என்று கேட்கிறார்.

நான் மெக்கானிக் இல்லை. களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு இதே டொல்பினைப் பதினான்கு வருடமாக ஹயருக்கு ஓடுகிறேன். பின் எக்ஸலுக்கு மட்டும் நான் செலவழித்த காசை எண்ணிப் பார்த்தால் மனைவிக்கு இன்னும் கோபம் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் கழற்ற வேண்டாம். டிப் ஹவுசிங்கின் மேல் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வரும் ஒயிலின் நிறம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

"சர்வீஸ் சென்டரில் பார்த்தார்களே" என்பீர்கள். எங்கள் பக்கத்தில் சர்வீஸ் என்றால் கீழே தண்ணீர் அடித்துக் கழுவி, இன்ஜின் ஒயிலும் பில்டரும் மாற்றி, கிறீஸ் அடித்து, பில்லில் மிச்ச வரிகளுக்கெல்லாம் ஒரு 'சரி' போடுவது. என்னிடம் அப்படி மூன்று பில் இருந்தது, மூன்றிலும் டிப் ஒயில் பார்த்ததாக அடையாளம். ஒருநாள் நானே கீழே படுத்துப் பார்த்தபோது, துருவுக்காக எப்போதோ அடித்த கறுப்பு அண்டர்கோட் பூச்சு மேல் பிளக்கையும் ஹவுசிங்கையும் சேர்த்து மூடி, ஒரு கீறல் கூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. அந்த மூன்று தடவையும் யாரும் அதில் ஸ்பெனர் வைக்கவே இல்லை. இடத்தின் பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். 2024 கார்த்திகைக் கடைசி வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது சொந்தக்காரர் ஒருவரை ஏற்றி வர, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வெள்ளாவெளிப் பக்கம் போனேன். ஓரிடத்தில் சில்லின் நடு வரைக்கும் தண்ணீர். இன்ஜினுக்குள் போகவில்லை, வண்டி நிற்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து பிரேக்கைக் காய வைத்துவிட்டு, தப்பினோம் என்று படுத்துவிட்டேன்.

தப்பவில்லை. ஓடி வந்த எக்ஸல் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் சூடு. அதைக் கொண்டுபோய்க் குளிர்ந்த வெள்ளத்தில் இறக்கினால் காற்றுச் சுருங்கி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். ஹவுசிங்கின் மேலே மூச்சு விடுவதற்காக வைத்திருக்கிற சின்னக் குமிழ் வழியாகவோ தேய்ந்த ஒயில் சீல் வழியாகவோ தண்ணீர் போகும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். போன தண்ணீர் தானாக வெளியே வராது.

சரியாகப் பதினெட்டாம் நாள், செங்கலடி – பதுளை வீதியில் ஒரு ஹயர். மகாஓயா தாண்டும் வரை ஒன்றுமில்லை. பிபிலைக்கு அப்பால் ஏற்றத்தில் ஒரு மெல்லிய ஊளை தொடங்கியது. கால் எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் வருகிறது. திரும்பி வந்து எங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக் பாஸிடம் விட்டேன். அவர் வண்டியைத் தொடவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"வெள்ளத்துக்க போனயா தம்பி?"

"ஓம் பாஸ், ஒரு தரம்தான்."

"ஒரு தரம் போதும்."

கீழ் பிளக்கைத் திறந்ததும் வந்தது ஒயில் இல்லை, பால் தேத்தண்ணி. அதே நிறம், அதே கெட்டி. டிபரன்சலுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரமான பினியனின் முன் பெயாரிங் உருளைகளில் ஊசியால் குத்தியதுபோலத் துருப் புள்ளிகள். பெயாரிங், சீல், கூலி என்று போன காசுக்கு நான்கைந்து வருடத்துக்கு ஒயில் மாற்றியிருக்கலாம். வெள்ளத்தில் இறங்கினால் அந்த வாரமே மேல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

ஒயில் மாற்றுவது கடினமான வேலை இல்லை. டொல்பின் உயரமான வண்டி, ஜெக் கூடத் தேவையில்லை. சமமான தரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் போட்டு, படங்கை விரித்துப் படுத்தால் போதும். பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்து செய்யுங்கள், சூட்டில் ஒயில் நன்றாக வடியும். இங்கே ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவே கூடாது. முதலில் மேல் பிளக்கைக் கழற்றுங்கள், மறுகாதான் கீழ் பிளக். நான் முதல் தரம் செய்தபோது கெட்டித்தனமாகக் கீழே திறந்து முழுவதையும் வடித்துவிட்டு மேலே கை வைத்தேன். அசையவில்லை. துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, தலையும் வழுகத் தொடங்கிவிட்டது. உள்ளே சொட்டு ஒயில் இல்லாத வண்டியை எங்கே ஓட்டிப் போவது? வெல்டிங் செய்கிற பெடியனை மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்து, பிளக்கின் தலையில் ஒரு நட்டை ஒட்ட வைத்துத்தான் திருகிக் கழற்றினோம்.

டொயோட்டாவில் பெரும்பாலும் 24 சொக்கெட் வேண்டும். ஸ்பெனர் வேண்டாம், தலை வழுகும். முந்தின இரவே துருவிளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கழற்றிய பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் வைத்துத் தேய்க்கும்போது மாவாக இருந்தால் பயமில்லை, அது வழமையான தேய்மானம். நறநறவென்று துகள் பட்டால் யோசியுங்கள். பல்லின் துண்டு ஒன்று வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ஒயில், ஜீஎல் 5 தரத்துக் கியர் ஒயில், 80 டபிள்யூ 90 அல்லது 85 டபிள்யூ 90. டிபரன்சலின் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு வழுக்கிக்கொண்டும் போகின்றன, அந்த உரசலுக்கு ஜீஎல் 4 போதாது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான்" என்பார், கேட்காதீர்கள். அதேபோல மீதி வந்த ஜீஎல் 5ஐக் கியர் பொக்ஸில் ஊற்றிவிடவும் கூடாது. அதற்குள் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அதிலுள்ள கந்தகச் சேர்மானம் ஒத்துவராது. அந்த நாற்றமும் கந்தகத்தால் வருவதுதான், சட்டையில் பட்டால் நாலு தோய்ச்சலுக்கும் போகாது. நிரப்புகிற அளவு, மேல் துளையின் கீழ் விளிம்பு. ஒயில் அங்கே வந்து வழியத் தொடங்கினால் நிறுத்தி மூடுங்கள். லிமிட்டட் ஸ்லிப் டிபரன்சல் உள்ள வண்டி என்றால் அதற்கென்று உள்ள ஒயில் வேண்டும். சாதாரண டொல்பின்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படுத்திருக்கும்போதே அந்த மூச்சுக் குமிழையும் பாருங்கள். தொப்பி கையால் தட்டினால் ஆட வேண்டும். படுவான்கரை வயல் பாதைகளில் ஓடுகிற வண்டிகளில் அதற்குள் வயல் சேறு போய்ச் சீமெந்துபோல இறுகிவிடும். மூச்சு அடைத்தால் சூட்டில் உள்ளே அமுக்கம் ஏறி, சீல் வழியாக ஒயிலைத் தள்ளும். அது பின் பிரேக் ட்ரம்முக்குள் போய் ஷூவை நனைக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு தரம் எக்ஸல் சீல் மாற்றினார், இரண்டு தரமும் ஒழுகியது. கடைசியில் குமிழைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியதும் நின்றது. நான் இப்போது குமிழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, சேஸிக்கு மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறேன். போன மாரிக்கும் வெள்ளத்தில் இறங்க வேண்டி வந்தது, ஒயில் தேன் மாதிரித்தான் இருந்தது.

ஒயில் சுத்தமாக இருந்தும் உறுமினால், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மிதிக்கும்போது மட்டும், அல்லது காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் டிபரன்சல் பக்கம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் வண்டி சாயும்போது கூடிக் குறைந்தால் சில்லுப் பெயாரிங். சில வேளை இரண்டும் இல்லை, டயர்தான். பின் டயரையும் முன் டயரையும் மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

இனி அந்த 'டொக்'. கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர் பொக்ஸில் இருந்து டிபரன்சலுக்குப் போகிற நீளத் தண்டு) யூ ஜொயின்ட் என்கிற மூட்டைச் சந்தேகிக்கலாம். உங்களுக்குப் பள்ளத்தில் வருகிறது, ஆகவே அனேகமாக ஸ்பிரிங்கின் நுனியை வண்டியோடு இணைக்கிற ஷக்கிளின் ரப்பர் புஷ், அல்லது ஷொக் அப்சோர்பரின் ரப்பர். ஷக்கிளுக்கும் ஸ்பிரிங் காதுக்கும் (நுனி வளையம்) நடுவே அலவாங்கை வைத்து மெல்ல நெம்புங்கள். நல்ல புஷ் இறுக்கமாகக் கொஞ்சம் கொடுக்கும், செத்த புஷ்ஷில் இரும்பு இரும்பில் இடிப்பது கைக்கே தெரியும். கல்முனை, கல்லடிப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. ஸ்பிரிங் பிளேட்டுகளுக்கு நடுவே உப்புத் துரு படையாக வளர்ந்து அவற்றை விரிக்கும், வண்டி கட்டை மாதிரி ஓடும். சர்வீஸ் சென்டர்களில் பழைய ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து கீழே அடித்துவிடுவார்களே, அது துருவுக்கு நல்லது, ரப்பர் புஷ்ஷுக்கு நஞ்சு. ஊறிப் பஞ்சாகிவிடும்.

புஷ் மாற்றினால் ஒரு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டியைத் தூக்கி, எக்ஸல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை முழுவதும் இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்குண்டு, ஓடும் நேரமெல்லாம் முறுக்கிலேயே இருந்து கிழியும். கையால் இறுக்கி, சில்லில் பாரம் நிற்க இறக்கி, இரண்டு மூன்று தரம் பின்பக்கத்தை அமுக்கி ஆட்டிவிட்டுப் பிறகு முழு இறுக்கம். ஒரு கராஜில் அவசரத்துக்குத் தொங்கவிட்டபடியே இறுக்கித் தந்தார்கள், நாலு மாதத்தில் அத்தனை புஷ்ஷும் போயிற்று. ஸ்பிரிங்கை எக்ஸலோடு கட்டிவைத்திருக்கிற யூ பொல்ட்டைக் கழற்றினால் புதிதாகப் போடுவது நல்லது, ஓர் ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப இறுக்குங்கள். அது இளகினால் பிளேட்டுகளைக் கோத்திருக்கும் நடுப் பொல்ட் அறுந்து எக்ஸல் நகரும். பின்னால் வருபவருக்கு உங்கள் வான் நண்டு மாதிரிச் சாய்ந்து போவது தெரியும், உங்களுக்குத் தெரியாது.

நெல் மூடை ஏற்றுவதற்காகக் கூடுதலாக இரண்டு பிளேட் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின் எக்ஸலையும் வண்டியின் கூட்டையும் இணைத்து ஒரு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்குக்குப் போகும் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் கம்பி. ஸ்பிரிங் விறைத்து வண்டி உயர்ந்து நின்றால், பாரமே இல்லை என்று அந்த வால்வு நினைக்கும். முழுப் பாரத்தோடு பிரேக் அடிக்கும் நேரத்தில் பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். இதைத் தெரியாமல் முன் பிரேக் பேட்களை மாற்றி மாற்றிக் களைத்தவர்கள் பலர்.

கடைசியாக, ஒயில் நன்றாக, பெயாரிங் நன்றாக, டயரும் நன்றாக, ஆனால் உறுமுகிறது என்றால் முந்தின சொந்தக்காரர் பினியன் சீல் மாற்றினாரா என்று விசாரியுங்கள். அதற்குக் கழற்றுகிற பினியன் நட்டின் இறுக்கத்தில்தான் பெயாரிங்கின் பிடிப்பு இருக்கிறது. கழற்றும் முன் அடையாளம் கீறி, அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவராமல், பலமிருக்கிற மட்டும் இறுக்கினால் சீல் ஒழுகாது, பெயாரிங் ஊளையிடும். பினியன் சுற்றுகிற பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே விடும் இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரைதான். டயல் கேஜ் இல்லாமல் "கையால பாத்துச் செய்றன்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பழைய சாமான் கடையில் முழு டிப் தலையாக வாங்குவதென்றால் பல் கணக்கு ஒத்திருக்க வேண்டும்: 41க்கு 10 என்றால் 4.1, 41க்கு 9 என்றால் 4.556. மாறிப்போனால் வேகமானி பொய் சொல்லும், இன்ஜின் ஒன்றில் கதறும் அல்லது இழுக்காது. உங்கள் வண்டியில் எது என்று அறிய, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சில்லை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றச் சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தால், அது நாலு சுற்றும் கொஞ்சமும் வந்ததா, நாலரையைத் தாண்டியதா என்று எண்ணிவிடலாம்.